கூடத்துச் சுவருக்கு ராக்வூல் பலகை: ஒரு மதிப்புரை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் எழும்பிய வீடுகளின் கூடங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை: மேலே கான்கிரீட் தளம், பட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய சுவர், தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், ஒரு பக்கம் நீளமான கண்ணாடிச் சன்னல். பார்வைக்கு விசாலமாகவும் துடைப்பதற்கு எளிதாகவும் இருக்கும் இந்தக் கூடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரை வைத்தாலும் பாட்டு கலங்கித்தான் கேட்கும். படத்தில் வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவதும், சண்டைக் காட்சி வந்தவுடன் ரிமோட்டைத் தேடிக் குறைப்பதும் நம் வீடுகளில் அன்றாட வழக்கமாகிவிட்டன. இதற்கு மருந்தாகப் பலரும் புது ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறார்கள், சிலர் வயரை மாற்றுகிறார்கள்; ஆனால் பெரும்பாலான வீடுகளில் குறை சுவரிலும் தரையிலும் மேல்தளத்திலும்தான் இருக்கிறது.

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டுக் கூடம் பதினைந்தடி நீளம், பதினோரடி அகலம், பத்தடி உயரம் கொண்டது. அதன் சுவர்களில், பாறையை உருக்கி நூற்ற இழையான ராக்வூலை நிரப்பித் துணி போர்த்திய பலகைகளை மாட்டிப் பல மாதங்களாகப் பாட்டும் படமும் கேட்டு வருகிறேன். இந்தப் பலகைகள் பெட்டியில் அடைத்து முத்திரை குத்தி விற்கப்படும் பொருள் அல்ல. பாய்லர்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பக் காப்புப் பொருள் விற்கும் கடையில் ராக்வூல் வாங்கி, ஆசாரியிடம் மரச்சட்டம் அடித்து, சோபாவுக்கு உறை தைக்கும் பட்டறையில் துணி போர்த்தி எடுத்தவை. எந்த ஊரிலும் இப்படிச் செய்துகொள்ள முடியும் என்றாலும், சாயப்பட்டறைகளும் நெசவும் நிறைந்த கொங்குப் பகுதியில் இதற்கு வேண்டிய ஒவ்வொன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கிறது. ஆகவே பொருளையும் அதைச் செய்து தந்த வேலையையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

ஒரு கூடத்தின் நிலையை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினாலே போதும். தட்டிய ஒலி நின்ற பிறகு, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அது ஓடி ஓடித் திரும்புவதால், கம்பியைச் சுண்டியது போன்ற ஒரு கிணுகிணுப்பு காதில் விழும். அதோடு கூடம் முழுவதும் ஒரு முழக்கம் சிறிது நேரம் தங்கும். ஒலி அறுபது டெசிபல் அளவுக்குத் தணிய எடுத்துக்கொள்ளும் நேரத்தையே எதிர்முழக்க நேரம் என்கிறார்கள். இதை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் கிளெமென்ட் சபைன். அங்கிருந்த ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு அரங்கில் ஒரு சொல் ஐந்தரை நொடிக்கு மேல் நின்று முழங்கியதால் பேசுபவர் பேச்சு யாருக்கும் விளங்காமல் போக, 1895ஆம் ஆண்டு அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் வேறோர் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, காதும் கடிகாரமுமாக அளந்தார். அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைக் கொண்டுதான் 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி அரங்கம் வடிவமைக்கப்பட்டது.

சபைன் ஒலியுறிஞ்சும் திறனுக்கு அளவுகோலாகத் திறந்த சன்னலை எடுத்துக்கொண்டார் என்பது நம்மவர்களுக்கு உடனே விளங்கக்கூடிய செய்தி. திறந்த சன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வருவதில்லை. ஆகையால் அதன் உறிஞ்சுதிறன் ஒன்று. நடுவில் வானம் பார்த்த முற்றம் கொண்ட நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் ஆசாரம் என்னும் கூடத்தில் அமர்ந்து பேசினால் குரல் இடிக்காமல் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் அதுவே. ஒலியில் பெரும்பங்கு மேலே போய்விடுகிறது. மிச்சத்தை ஓட்டுக்கூரையின் இடுக்குகளும் மரச்சட்டங்களும் வாங்கிக்கொள்கின்றன. பூசிய சுவரும் டைல்ஸ் தரையுமோ தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும்.

சபைனின் சூத்திரப்படி, அறையின் கன அளவை மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி மொத்த உறிஞ்சுபரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அதன் உறிஞ்சுதிறனால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். எங்கள் கூடத்தின் கன அளவு ஏறத்தாழ 47 கன மீட்டர். சோபா, திரைச்சீலை, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஏழரைச் சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு என்று கொண்டால் விடை ஒரு நொடி. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு 0.3 முதல் 0.5 நொடி வரை இருப்பதே நல்லது. அரை நொடிக்கு இறக்க வேண்டுமானால் இன்னும் ஏழரைச் சதுர மீட்டர் தேவை. நான்கடிக்கு இரண்டடிப் பலகை ஒன்று முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றே குறைவு என்பதால் பத்துப் பலகைகள் வேண்டும். இரண்டு பலகையை அழகுக்கு மாட்டிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பலகைக்கு வருவதற்கு முன் சந்தையில் இதே பெயரில் விற்கப்படும் மற்றவற்றையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் கூம்பு வடிவ ஃபோம் சதுரங்கள் அவற்றில் முதலாவது. ஒலியை உறிஞ்சும் பொருள் வேலை செய்வது உராய்வினால்: காற்று முன்னும் பின்னும் அசைகையில் இழைகளுக்கிடையே உரச, ஒலியின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய வழியில்லை; சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். ஓர் அங்குல ஃபோமின் வெளிமுகம் 3400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3400 அதிர்வு) அலைக்குத்தான் அந்த உச்சத்தைத் தொடுகிறது. ஆதலால் அது சிஞ்சாவின் சிலிர்ப்பையும் வயலினின் மேல் ஒளியையும் விழுங்கிவிட்டு, முழக்கம் உண்டாக்குகின்ற நடு ஒலிகளையும் அடி ஒலிகளையும் அப்படியே விட்டுவிடும். சுவர் முழுக்க இதை ஒட்டிய அறைகளில் பாட்டு மங்கிப்போய், ஆனால் அடியில் மட்டும் குமுறிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஒட்டாத அறையே அதைவிட மேல். தீ பற்றிய கவலையும் உண்டு. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியின் சுவர் ஃபோமில் மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டுப் பரவிய தீ நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. டிவிக்குப் பின்னால் மின்வயர்கள் பின்னிக் கிடக்கும் சுவரில் தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமை ஒட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முட்டை அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒலிக்கு அது வெறும் அட்டை.

இன்டீரியர் வேலை செய்பவர்கள் இப்போது டிவிச் சுவர்களில் வரிவரியாக ஒட்டும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. லூவர் பலகைகளும் ஒலிக்காக என்றே பல இடங்களில் விலைபேசப்படுகின்றன. அவை கெட்டிப் பொருள். உறிஞ்சுவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை, வரிகளின் ஆழமும் ஒலியைச் சிதறடிக்கப் போதாது. ஒன்பது மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பலகைகள் இதைவிட நேர்மையான பொருள். கைதட்டினால் வரும் கிணுகிணுப்பை அவை அடக்கும், வண்ணமும் நன்றாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: பின்னால் காற்று இடைவெளி கொண்ட அந்த மெல்லிய பலகை தானும் அதிர்ந்து அடி ஒலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்.

நம் பகுதியிலேயே விளையும் பொருள்களை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்தால் மேல் ஒலிகளின் துள்ளல் குறைகிறது. இறுக்கமான மெல்லிய நெசவு என்பதால் அதற்குக் கீழே அதன் கை எட்டாது. பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார் மெத்தைத் தகடும் உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் தென்னை நாரின் இழை தடிமனானது, இழைகளுக்கிடையே காற்று அதிகத் தடையின்றிப் போய்வருகிறது, ஆகவே ராக்வூலுக்கு ஈடாக வேண்டுமானால் நல்ல கனத்தில் போட வேண்டும். பஞ்சின் சங்கதி வேறு. நூல் மில்களின் கழிவுப் பஞ்சைச் சரியான இறுக்கத்தில் அடைத்தால் ஒலியை உறிஞ்சுவதில் அது ராக்வூலுக்கு இளைத்ததன்று. இருந்தும் நான் அதைத் தள்ளியதற்குக் காரணங்கள் மூன்று: நாளடைவில் பஞ்சு கீழே இறங்கிப் பலகையின் தலைப்பக்கம் வெற்றாகிவிடும், மழைக்காலத்தில் ஈரம் வாங்கும், தீப்பொறி பட்டால் நிற்காது. பாறையை உருக்கி நூற்ற ராக்வூலோ ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். மின்வயர் ஓடும் சுவரில் மாட்டப்போகும் பொருளுக்கு இது சிறிய தகுதி அல்ல.

திருப்பூர், ஈரோட்டுச் சாயப்பட்டறைகளின் பாய்லருக்கு மேல் போர்த்துவதற்காகவே இந்த வட்டாரத்தில் ராக்வூல் வியாபாரம் வளர்ந்திருக்கிறது. கடையில் கேட்கும்போது கம்பிவலை தைத்த மெத்தையாக வருவதை வாங்கக் கூடாது, அது குழாய்களுக்கானது. ஸ்லாப் என்று கேட்க வேண்டும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் 50 மில்லிமீட்டர் கனமும் உள்ள, 1200க்கு 600 மில்லிமீட்டர் அளவிலான ஸ்லாப் இதற்குப் பொருத்தமானது. அடர்த்தி கூடினால் உறிஞ்சுவதும் கூடும் என்று நினைத்து 96, 144 என்று போகத் தேவையில்லை. மிகவும் இறுகிப்போனால் ஒலி உள்ளே நுழையாமல் முகத்திலேயே திரும்பும். கனம்தான் முக்கியம். 50 மில்லிமீட்டர் ஸ்லாப் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் தன்மீது விழுவதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும், 125 ஹெர்ட்ஸில் அதன் பலம் சொற்பம். இரண்டு ஸ்லாப்பை அடுக்கி, பின்னால் இரண்டங்குல இடைவெளியும் விட்டு மாட்டினால் 200 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் நன்றாக வேலை செய்கிறது. இடைவெளிக்குக் காசு கிடையாது என்பதால் எல்லாப் பலகைகளையும் சுவரிலிருந்து தள்ளியே மாட்டச் சொல்வேன்.

செய்நேர்த்தியைப் பொறுத்தவரை சோபாப் பட்டறையின் வேலையை மனம்திறந்து பாராட்டுகிறேன். சில்வர் ஓக் சட்டத்தின் நான்கு மூலையிலும் முக்கோணத் துண்டு வைத்துத் திருகி முடுக்கியிருந்ததால் சட்டம் சற்றும் கோணவில்லை. உள்ளே ராக்வூலைச் சுற்றிலும் முகக்கவசம் தைக்கும் நான்வோவன் துணியை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டி, அதன் பிறகே மேல்துணியைப் போர்த்தினார்கள். இழை உதிர்ந்து வெளியே வராதிருக்க இது மிகவும் அவசியம். மேல்துணியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனைதான்: துணியை வாயில் வைத்து ஊதினால் மறுபுறம் காற்று தாராளமாக வர வேண்டும். சோபாவுக்குப் போடும் ரெக்சினும் பின்னால் பூச்சு கொடுத்த வெல்வெட்டும் இதில் தோற்றுவிடும். சென்னிமலைக் கைத்தறி விரிப்பு, கரூர் மேசைத் துணி, திருப்பூர்ப் பின்னல் துணி மூன்றையும் ஊதிப் பார்த்ததில் எல்லாமே தேறின. நான் எடுத்தது பின்னல் துணி. நெய்த துணியை மூலையில் மடிக்கும்போது உறைக் கவரைப் போல மடிப்பு எழும்பி நிற்கும். பின்னல் துணியோ இழுத்த பக்கமெல்லாம் வந்து சட்டத்தின் முனையில் ஒரு சுருக்கமும் இல்லாமல் தோலைப் போலப் படிந்துவிட்டது. பின்பக்கம் ஸ்டேப்ளர் ஊசிகள் விரற்கடைக்கு ஒன்றாக ஒரே வரிசையில் அடிக்கப்பட்டிருக்கின்றன. யாரும் பார்க்காத பின்பக்கத்தில் காட்டிய அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எங்கே மாட்டுவது என்பதற்கு நிலைக்கண்ணாடி ஒன்று போதும். கேட்கும் இடத்தில் நாம் அமர்ந்துகொண்டு, இன்னொருவரைப் பக்கச் சுவர் ஓரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொன்னால், எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில் பட்டுத்தான் ஒலி முதலில் நம் காதுக்குத் தெறிக்கிறது. இந்தத் தெறிப்பு நேராக வரும் ஒலிக்குச் சில மில்லி நொடிகள் பின்னால் வந்து சேரும். ஏறத்தாழ முப்பது மில்லி நொடிக்குள் வருவதைக் காது தனி ஒலியாகப் பிரித்துக் கேட்பதில்லை, முதலில் வந்த திசையிலிருந்தே எல்லாம் வருவதாக எடுத்துக்கொள்கிறது என்று ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949இல் எழுதிய ஆய்வில் காட்டினார். தனியாகக் கேட்காவிட்டாலும் அது குரலின் நிறத்தை மாற்றிவிடுகிறது, பாடகர் நிற்கும் இடத்தைக் கலைத்துவிடுகிறது. இரு பக்கச் சுவர்களிலும் இந்த இடங்களில் பலகை ஏறியதுமே பாடகியின் குரல் இரு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓரிடத்தில் வந்து நின்றது. பக்கச் சுவர்த் தெறிப்பை முற்றாக அடக்கிவிடக் கூடாது, அதுவே ஒலிக்கு அகலம் தருகிறது என்று கனடாவில் நெடுங்காலம் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்த ஃபிளாய்டு டூல் போன்றவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெரிய கூடங்களுக்கு அதைக் கடைப்பிடிக்கலாம். பதினோரடி அகலத்தில் சுவர் ஸ்பீக்கருக்கு இவ்வளவு அருகில் இருக்கும்போது உறிஞ்சுவதே நல்லது என்பது என் தீர்ப்பு.

தலைக்கு மேலே மேல்தளத்தில் தொங்கவிட்ட இரண்டு பலகைகளைத்தான் இந்த முழு வேலையிலும் அதிகப் பயன் தந்தவையாகச் சொல்வேன். டைல்ஸுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே ஓடிய ஒலி நின்றதும், படங்களில் முணுமுணுத்துப் பேசும் வசனமும் விளங்கத் தொடங்கியது. வீட்டில் மூத்தவர்கள் முன்பு எழுபதில் வைத்துக் கேட்ட டிவியை இப்போது நாற்பத்தைந்தில் வைத்துக் கேட்கிறார்கள். பாட்டில் தம்பூராவின் நாதம் பின்னணியில் அறாமல் நூலாக ஓடுவதும், மிருதங்கத்தில் வலந்தலையின் சாப்பு விழுந்து உடனே அடங்குவதும், அடுத்த சொல் அதன்மேல் ஏறாமல் தனியே வருவதும் ஸ்பீக்கரை மாற்றாமலே கிடைத்தவை.

அடி ஒலியில்தான் இந்தப் பொருளின் எல்லை தெரிகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் எந்த ஒலியின் அரை அலைநீளத்துக்குச் சமமோ அந்த ஒலி அறைக்குள் நின்று வீங்கும். எங்கள் கூடத்தில் நீளவாக்கில் 38 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 51, உயரவாக்கில் 56 என்று வருகிறது. இந்த ஒலிகள் எல்லாவற்றின் அழுத்தமும் மூலைகளில்தான் கூடுகிறது என்பதால், முன்சுவரின் இரண்டு மூலைகளிலும் தரையிலிருந்து உயரமாக, நான்கங்குலக் கனத்தில் குறுக்காகப் பலகை நிறுத்தி, பின்னால் உள்ள முக்கோண வெளியையும் வெட்டுத்துண்டு ராக்வூலால் நிரப்பினோம். பேஸ் டிராப் என்று சொல்லப்படுவது இதுவே. எண்பது ஹெர்ட்ஸுக்கு மேல் இதன் பயன் நன்றாகத் தெரிகிறது: மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடப்பக்கம் முன்பு கொழகொழவென்று ஒலித்தது, இப்போது அதில் சுருதி கேட்கிறது, பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் வருகிறது. 38 ஹெர்ட்ஸின் வீக்கம் மட்டும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அந்த அலையின் கால்பங்கே ஏழடிக்கு மேல் என்னும்போது நான்கங்குலப் பலகையால் அதை என்ன செய்ய முடியும்? இதற்குத் தீர்வு சோபாவை நகர்த்துவதில் இருக்கிறது. நம் வீடுகளில் சோபா எப்போதும் பின்சுவரை ஒட்டியே கிடக்கும். அடி ஒலி மிகவும் வீங்கும் இடம் அது. கூடத்தின் நட்டநடுவிலோ நீளவாக்கு ஒலி காணாமல் போகும். பின்சுவரிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 38 பங்கு தள்ளி, அதாவது எங்கள் கூடத்தில் ஐந்தே முக்கால் அடியில் அமர்ந்து கேட்டால் இரண்டும் சமனாகிறது. நடக்க வழி வேண்டுமே என்பதால் நாங்கள் நான்கடியோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கே நல்ல பலன் இருக்கிறது.

காதால் கேட்டதைச் சரிபார்க்க ஜான் மல்காஹி எழுதி இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விசார்டு மென்பொருளையும், மினிடிஎஸ்பியின் யூமிக்-1 மைக்கையும் பயன்படுத்தினேன். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கு உரிய திருத்தக் கோப்பு கிடைப்பதால் அளவை நம்பலாம். நடு ஒலிகளில் எதிர்முழக்க நேரம் சபைன் கணக்கு சொன்னதற்கு அருகிலேயே வந்து, முன்பிருந்ததில் ஏறத்தாழ பாதியாக இறங்கியிருந்தது. மைக் வாங்க மனமில்லாதவர்கள் கைதட்டலையும் நிலைக்கண்ணாடியையும் நம்பியே முக்கால் வேலையை முடித்துவிடலாம்.

குறைகளும் இருக்கின்றன. ராக்வூலைக் கையாளும்போது இழை தோலில் குத்தி அரிக்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக்கூடாது, வெட்டும் வேலையை மொட்டைமாடியிலோ பட்டறையிலோ முடித்துவிட வேண்டும். உடலுக்குத் தீங்கு வருமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002இல் இவ்வகைக் காப்பு இழைகளை மூன்றாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்த இயலாதவற்றின் வரிசையில் வைத்தது; எனினும் நான்வோவன் சுற்று இல்லாத பலகையைப் படுக்கையறையில் மாட்ட நான் ஒப்ப மாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும் மாதங்களில் பலகைகளின் மேல்விளிம்பில் ஒரு படலம் படிகிறது. வாக்குவம் கிளீனரால் மெல்ல இழுத்துவிட்டால் போகும், ஈரத் துணியால் துடைத்தால் கறையாகிவிடும். இரட்டை ஸ்லாப் பலகையில் ராக்வூல் மட்டுமே மூன்றரைக் கிலோ, சட்டத்தோடு இன்னும் கூடும் என்பதால் மேல்தளத்துக்கு ஆங்கர் போல்ட்டும் கொக்கியும் அவசியம். ஒட்டும் டேப்பை நம்பித் தலைக்கு மேல் எதையும் தொங்கவிடக் கூடாது.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பையும் நீக்க வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கத்தில் பக்கத்துக் கொட்டகையின் தறிச் சத்தம் வீட்டுக்குள் வராமலிருக்க இந்தப் பலகை உதவுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். உதவாது. சத்தம் ஊடுருவுவதைத் தடுப்பதற்கு வேண்டியது எடை: கனமான சுவர், இரட்டைக் கண்ணாடி, சன்னலிலும் கதவிடுக்கிலும் காற்றுப் புகாத ரப்பர். ராக்வூல் அறைக்குள் தெறிக்கும் ஒலியை மட்டுமே உறிஞ்சும். இதை எனக்கு முதலில் தெளிவாகச் சொன்னவர் பட்டறைக்காரரே. “ஏனுங்க, தறிச் சத்தத்த நிறுத்தோணும்னா இது ஆகாதுங்க, அதுக்குச் செவுருதானுங்க வேணும், உள்ள கேக்கறது சுத்தமா இருக்கோணும்னா மட்டும் போடுங்க,” என்று ஆர்டர் எழுதுவதற்கு முன்பே சொன்னார். விற்கிற பொருளின் எல்லையை விற்பவரே சொல்லக் கேட்பது அரிது. இணையத்தில் ஃபோம் விற்கும் கடைகளில் அரை அங்குலப் பொருளுக்கும் சத்தத்தை நிறுத்தும் என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செலவில் ராக்வூலின் பங்கு மிகக் குறைவு. மரமும் துணியும் கூலியும்தான் பெரும்பகுதி. பத்துப் பலகையும் இரண்டு பேஸ் டிராப்பும் சேர்ந்து ஒரு நடுத்தர ஹோம் தியேட்டர் ரிசீவரின் விலையில் பாதியைத் தொடவில்லை. அந்தப் பணத்துக்கு வேறெந்தப் பெட்டியை வாங்கியிருந்தாலும் இவ்வளவு மாற்றம் கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். மொத்தமாகச் செய்ய இயலாதவர்கள் முதலில் மேல்தளத்துக்கு இரண்டும் பக்கச் சுவர்களுக்கு இரண்டும் செய்து மாட்டிவிட்டு, மூலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அங்கே பலகையே வேண்டாம், ஒழுங்கற்று அடுக்கிய புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்துவிடும். பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னும், தைக்குப் பிறகு கல்யாணமும் புதுமனை புகுதலும் நெருங்கும் மாதங்களிலும் சோபா வேலையே குவிந்து கிடப்பதால் இந்தச் சிறு வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள், எடுத்தாலும் அவசரமாக முடிப்பார்கள். ஆடியில் விசேஷங்கள் இல்லாததால் கை ஓய்ந்திருக்கும். அப்போது சட்டத்தின் அளவையும் துணியையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, முதல் பலகையைத் தைத்து முடித்ததும் நேரில் போய் மூலை மடிப்பையும் உள்சுற்றையும் பார்த்த பிறகே மீதியைத் தொடரச் சொல்வது நல்லது.